செய்தவர் கிளம்பிய மறுநாள்: தொண்டு நிறுவனத்துக்கு மென்பொருள் செய்ய மூன்று வகைப் பயிற்சி இளைஞர்கள்

ஆறு பணியாளர்கள், 12 மாலைநேரப் படிப்பு மையங்கள், சுமார் 400 பிள்ளைகள். வருகைப் பதிவு இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட சிறு தொண்டு நிறுவனம் அதைக் கைபேசிக்கு மாற்ற நினைத்தால், மென்பொருள் கம்பெனிக்குக் கொடுக்கக் காசு இருக்காது. பயிற்சிக்கு வரும் இளைஞர்களை வைத்துத்தான் செய்ய வேண்டும். அதற்கு மூன்று வழி உண்டு: கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்ட், நாட்ஸ் (மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) வழியே வரும் அப்ரண்டிஸ், கூகுள் சம்மர் ஆஃப் கோட் போல, திறமூல (கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளில் இளைஞர்களைப் பழக்கும் திட்டங்கள். மூன்றையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கலாம்: செய்தவர் கிளம்பிய மறுநாள், படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்க ஆள் இருக்குமா?

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்குச் செலவு இல்லை. மூன்று நான்கு மாணவர்கள் வருவார்கள், கடைசி செமஸ்டரோடு போய்விடுவார்கள். ரிவ்யூவில் மதிப்பெண் விழப் புதுமை வேண்டும் என்பதால், டிக் அடித்தால் முடியும் வேலைக்கு முகமறியும் கேமரா வந்து நிற்கும். அதைவிடப் பெரிய தொல்லை, சர்வரும் டொமைனும் ஒரு மாணவரின் சொந்த ஜிமெயிலில் இருப்பது. ஓடிபி அவர் போனுக்குப் போகும். புதுப்பிக்கச் சொல்லும் மெயிலை அவர் திறக்கவே மாட்டார். இலவச சர்வரை நம்புவதும் ஆபத்து. 2022 நவம்பரில், இணையத்தில் சர்வர் தரும் ஹெரோகு நிறுவனம் தன் இலவசத் திட்டத்தை நிறுத்தியதும் அதில் ஓடிய இப்படிப்பட்ட ப்ராஜெக்ட்டுகள் நின்றுபோயின. முதல் நாளே நிறுவனத்தின் பெயரில் ஒரு மெயில் கணக்கு தொடங்கி, மீட்பு எண்ணாக அலுவலக எண்ணைக் கொடுத்து, எல்லாவற்றையும் அதில் போட்டால் பாதித் தொல்லை தீரும். அரைமணி நேர வேலைதான்.

நாட்ஸ் என்பது 1961-ன் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் திட்டம். அதை நடத்தும் தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019 விதி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தது. அதில் பாதி, அதாவது 4,500 வரை, அரசின் பங்காக இருந்தது. (தற்போதைய தொகையைப் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) நான்கு பணியாளர்களாவது இல்லாத இடம் இதில் சேர முடியாது. இதன் பலம் முழு ஓராண்டு. ஜூன் சேர்க்கை, பரீட்சை, நன்கொடையாளருக்கான அறிக்கை எல்லாவற்றையும் அப்ரண்டிஸ் ஒரு சுற்று பார்த்துவிடுவார்.

முதல் இரண்டு மாதம் கோடு எழுத விடாதீர்கள். பழைய எக்ஸெல்லை அவரிடம் கொடுங்கள். பெயர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் ஃபான்ட்டுகளில் அடித்திருந்தால், ஃபான்ட் இல்லாத இடத்தில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எந்த ஃபான்ட் என்று கண்டுபிடித்து, அதற்குரிய மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி (எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொது முறை), 50 வரிகளையாவது கண்ணால் சரிபார்க்க வேண்டும். கிரந்த எழுத்துகள்தான் அதிகம் உடையும்.

பிறகும் புதிதாக ஆப் எழுத வேண்டாம், கைபேசியில் படிவம் வழியே தகவல் சேர்க்க உதவும் கோபோ டூல்பாக்ஸ் போதும். எக்ஸெல்லில் படிவம் எழுதும்போது ‘நேம்’ பத்தியில் ஆங்கிலக் குறியீடு, ‘லேபில்’ பத்தியில் தமிழ் என்று பிரிக்க வேண்டும். நேமில் தமிழை எழுதினால் பிற்பாடு கணக்கீடும் அறிக்கையும் சிக்கலாகும். போன் எண்ணை எண்ணாக வாங்காமல் எழுத்தாக வாங்கி, 10 இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை என்று கட்டுப்பாடு போடுங்கள். இறக்கிய சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். டேட்டா மெனு வழியே திறந்து 65001 யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவல் என்பதால், 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஆதார் படம் எதற்கு? வாங்காதீர்கள்.

மூன்றாவது வழி கௌரவமானது, ஆனால் நம் வீட்டு வாசலுக்கு வராது. சம்மர் ஆஃப் கோட் 2005-ல் தொடங்கியது. 90, 175, 350 மணி நேர வேலைகள். 2022 முதல் மாணவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதே வகையிலான இன்னொரு திட்டமான அவுட்ரீச்சி மூன்று மாதம், உதவித்தொகை 7,000 டாலர். இரண்டுக்கும் ஏற்கெனவே ஓடும் திறமூலத் திட்டமும், கோடு தெரிந்த வழிகாட்டியும் வேண்டும். ஆறு பேர் அலுவலகத்தில் அது நடக்காது. ஆனால் அங்கே எழுதப்படும் கோடு பலர் கண்ணில் பட்டு, சீர்பார்க்கப்பட்டு, பொதுவில் நிற்கும். ஆள் போனாலும் கருவி போகாது. எனவே நீங்கள் பயன்படுத்தும் கருவியில் குறை இருந்தால், அதன் கோடு இருக்கும் கிட்ஹப் தளப் பக்கத்தில் படத்தோடு எழுதிப் போடுங்கள். பயிற்சிக்கு வரும் யாராவது கையில் எடுக்க வாய்ப்புண்டு.

ஆக, இந்த அளவு நிறுவனத்துக்கு நாட்ஸ்தான். நான்கு பேர்கூட இல்லையென்றால் கல்லூரி ப்ராஜெக்ட், அதுவும் படிவமும் மாத அறிக்கையும் மட்டும்.

அப்ரண்டிஸ் விடைபெற இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சோதனை வையுங்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும்; மைய ஒருங்கிணைப்பாளர் பட்டியலில் 13-ஆவது மையத்தைச் சேர்க்கட்டும். பெரும்பாலும் இடறும் இடம் ஒன்றுதான்: திருத்திவிட்டு, திருத்திய படிவத்தை வெளியிடும் ‘ரீடிப்ளாய்’ பொத்தானை அழுத்த மறந்துவிடுவார்கள். மையத்தில் இருக்கும் போன்களில் அந்த 12 பெயர்களே வந்துகொண்டிருக்கும்.