கிரீன்பூட்: பூட் தேறாவிட்டால் பழைய பதிப்புக்குத் தானே திரும்பும் கருவி

ஆள் அருகில் இல்லாத லினக்ஸ் மெஷினுக்கு அப்டேட் போட்டால், ரீபூட்டுக்குப் பின் அது எழுந்து வருமா என்பதுதான் பெரிய கவலை. ஃபெடோரா ஐஓடி என்ற லினக்ஸ் வகையில் கிடைக்கும் கிரீன்பூட் அந்தக் கவலையைப் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் எதைச் சோதிப்பது என்று நாம் சரியாகச் சொல்லாவிட்டால், நல்ல அப்டேட்டையும் தள்ளிவிடும்.

அமைப்பது எளிது. ஈடிசி, கிரீன்பூட், செக் என்று உள்ளே போனால் ரெக்வயர்டு.டி, வான்டட்.டி என இரண்டு ஃபோல்டர்கள். டாட் எஸ்ஹெச் என்று முடியும் சோதனை ஸ்கிரிப்டை அவற்றில் போடவேண்டும்; ஒவ்வொரு பூட்டிலும் அது ஓடும். ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எண் (எக்ஸிட் கோடு) பூஜ்யம் அல்லாததாக இருந்தால் தோல்வி. வான்டட் தோற்றால் லாகில் பதிவாவதோடு சரி. அப்டேட்டுக்குப் பின் ரெக்வயர்டு தோற்றால் மெஷின் ரீபூட் ஆகும். புதிய பதிப்பு ஏறும்போது, மெஷினை பூட் செய்யும் நிரலான கிரப்பில், எத்தனை முறை முயலலாம் என்ற ஒரு கவுண்டர் பதிவாகும், டீஃபால்ட் 3. ஒவ்வொரு பூட்டிலும் கிரப்பே அதைக் குறைக்கும். தீர்ந்ததும் பழைய பதிப்பு எழும். அப்டேட் இல்லாத நாளில் செக் தோற்றால் கவுண்டர் இருக்காது, ஆள்தான் வந்து பார்க்கவேண்டும்.

ரோல்பேக் செய்தால், அதாவது பழைய பதிப்புக்குத் திரும்பினால், சரியாகக்கூடியது எதுவோ, அது மட்டுமே ரெக்வயர்டில் இருக்கலாம். கூடவே வரும் டீஃபால்ட் செக் பேக்கேஜ் இங்கேதான் சறுக்குகிறது: அப்டேட் வரும் ரெப்போ சர்வர்களின் முகவரிகளுக்கு டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவை) கிடைக்கிறதா என்ற சோதனையை ரெக்வயர்டில் வைத்திருக்கிறது. அப்டேட் ஏறிய நேரத்தில் இணையம் போனால், குற்றமில்லாத பதிப்பு பலியாகும். அந்தப் பேக்கேஜ் இல்லாமலே நிறுவுங்கள்.

அடுத்த சறுக்கல், சர்வீஸ் ஓடுகிறதா என்று கேட்கும் 'சிஸ்டம்சிடிஎல் இஸ்-ஆக்டிவ்' கட்டளையை மட்டும் வைத்து நிம்மதியடைவது. 'டைப் சிம்பிள்' என்று அமைத்த சர்வீஸ், புரோசஸ் கிளம்பியதுமே ஆக்டிவ் என்று சொல்லிவிடும்; அடுத்த நொடியே அது விழலாம். போர்ட்டில் உண்மையாகவே பதில் வருகிறதா என்று கர்ல் கட்டளை வைத்துக் கேளுங்கள்: 5 வினாடிக்கு ஒருமுறை, 12 தடவை வரை. ஒவ்வொரு கர்லுக்கும் மேக்ஸ்-டைம் (எவ்வளவு நேரம்வரை காத்திருக்கலாம் என்ற வரம்பு) கட்டாயம். தொங்கிப்போன ஸ்கிரிப்ட் தோற்பதில்லை, தோற்காதவரை ரீபூட்டும் இல்லை.

கெர்னல் பேனிக்கில், அதாவது லினக்ஸின் மையமான கெர்னலே நின்றுபோனால், கிரீன்பூட் ஓடவே ஓடாது. கெர்னலின் பூட் வரியில் 'பேனிக்=10' சேருங்கள்; 10 வினாடியில் ரீபூட் ஆகி கவுண்டர் குறையும். உறைந்துபோகும் மெஷினுக்கு பதில் வராவிட்டால் தானே ரீபூட் செய்யும் ஹார்டுவேர் வாட்ச்டாக் வேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது: டேட்டா இருக்கும் வார் ஃபோல்டர் ரோல்பேக் ஆகாது. புதிய பதிப்பு டேட்டாபேஸ் அமைப்பை மாற்றியிருந்தால், பழைய நிரல் அதைப் படிக்க முடியாமல் திணறும்.

முறையாகச் சோதிக்க, எப்போதும் தோற்கும் ஸ்கிரிப்டைப் போடாதீர்கள். ஈடிசி இரண்டு பதிப்புக்கும் போவதால் பழையதும் தோற்கும். 'எச்டாப் பேக்கேஜ் இருந்தால் தோல்வி' என்று எழுதிவிட்டு, ஃபெடோரா ஐஓடியின் நிறுவல் கருவியான ஆர்பிஎம்-ஓஸ்ட்ரீயில் எச்டாப்பை நிறுவி ரீபூட் செய்யுங்கள். கவுண்டர் தீர்ந்து, எச்டாப் இல்லாத பழைய பதிப்பில் மெஷின் வந்து நிற்கவேண்டும்.