சங்கத்தார் நடத்தும் இலவசக் கண் முகாம்: நம்பிப் போகலாமா?

லயன்ஸ், ரோட்டரி என்று எந்தச் சங்கத்தின் பேனரைப் பார்த்தாலும் கண் முகாம், ரத்த தானம், மரக்கன்று, தையல் மெஷின் ஆகியவைதான் இருக்கும். இவற்றில் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கக்கூடியது கண் முகாம்தான். காரணம் எளிது. வைத்தியம் பார்ப்பது சங்கமல்ல. மதுரை அரவிந்த், கோவை சங்கரா போன்ற கண் மருத்துவமனைகளிலிருந்து வரும் குழு. இடம், விளம்பரம், சாப்பாடு, ஒத்தாசைக்கு ஆள் ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்தின் பெயரும் பெரும்பாலும் நோட்டீஸில் இருக்கும். எந்த மருத்துவமனை என்று நோட்டீஸில் போடாத முகாமுக்குப் போக வேண்டாம்.

காலை சாப்பிட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, மாற்று உடையோடு வரச் சொல்லி நோட்டீஸ் அடிப்பார்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தம் எடுப்பார்கள் என்று வெறும் வயிற்றோடு வந்து, சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டவர் வரிசையிலேயே மயங்குவது வாடிக்கை. பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு வந்தால் அன்று அழுத்தம் ஏறியிருக்கும், கண்புரை அறுவைக்கு எடுக்க மாட்டார்கள். அழுத்தம் கூடியிருந்தால் கண்ணுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு, அதனால்தான். இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் உடல் தகுதிச் சான்று வாங்கி வர வேண்டும். ஆதார் நகலும் தினம் சாப்பிடும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும்.

முகாமின் தரம் முதல் மேசையிலேயே தெரிந்துவிடும். பார்வைப் பலகைக்கும் ஆளுக்கும் 6 மீட்டர் இடைவெளி வேண்டும். வகுப்பறை நீளம் போதவில்லை என்று 4 மீட்டரில் நிறுத்தினால் பார்வை இருப்பதைவிட நன்றாகப் பதிவாகும். அறுவைக்குப் போக வேண்டியவர் கண்ணாடி வரிசைக்குப் போய்விடுவார். வராந்தாவில் நீளமாக இடம் இருக்கும்போது வகுப்பறையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஆங்கில ‘E’ வடிவம் நாலு பக்கமும் திரும்பியிருக்கும் பலகை தனியாக உண்டு.

அடுத்து கண் நீர்ப்பை சோதனை. கீழ் இமையின் ஓரத்திலுள்ள சிறு துளை வழியாக உப்புநீரை மெல்லச் செலுத்தி, “தொண்டையில உப்புக் கரிக்குதாம்மா?” என்று கேட்பார்கள். கரித்தால் பாதை திறந்திருக்கிறது. இல்லாவிட்டால் அடைப்பு, அங்கே சீழ் தங்கியிருந்தால் அறுவை செய்த கண்ணுக்கும் பரவும், ஆகவே முதலில் அதைச் சரிசெய்வார்கள். பிறகு கண் அழுத்தம், சர்க்கரை, கடைசியாக மூத்த டாக்டர். கண் பாப்பா விரிய சொட்டு விட்டால் இருபது, முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். சில மணி நேரம் பார்வை மங்கலாகத்தான் இருக்கும், வண்டி ஓட்டி வீடு திரும்ப வேண்டாம்.

குறை சொல்ல வேண்டிய இடம் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றி, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி முடிக்கும்வரை வயசானவர்கள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலை எட்டரைக்கே பரிசோதனையைத் தொடங்கிவிட்டு, விருந்தினர் வரும்போது ஓரமாகப் படம் எடுத்துக்கொள்ளும் சங்கங்களும் இருக்கின்றன. ஒரு குடியும் முழுகிவிடவில்லை.

பதிவு எண்ணிக்கையை வைத்துச் சங்கத்தை எடைபோடக் கூடாது. அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் அன்றே மருத்துவமனைக்குப் பஸ் ஏறினார்கள் என்பதுதான் கணக்கு. ஏறாததற்குக் காரணம் பயம் மட்டுமல்ல. ஆட்டை யார் பார்ப்பது, பேரனை யார் பள்ளிக்கு அனுப்புவது, திருப்பூரில் இருக்கும் மகனைக் கேட்க வேண்டுமே. புரை நன்றாக முத்தட்டும் என்பார்கள். அது கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் காலத்துக்கு முந்தைய பேச்சு. முற்றிய புரை கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பையே கெடுக்கலாம். அந்தந்த ஊர்க்காரர் ஒருவர் தொண்டராக நின்று, மகனுக்கு அங்கேயே போன் போட்டுக் கொடுத்தால் பஸ் நிறையும்.

அறுவை முகாமில் நடக்காது, மருத்துவமனையில்தான். ஒரு சமயத்தில் ஒரு கண். லென்ஸும் வைத்துவிடுவார்கள். மதுரையில் 1992இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான அரோலேப் தொடங்கி லென்ஸ் விலை இறங்கிய பிறகு இது சாத்தியமாயிற்று. அதற்கு முன் புரை எடுத்தவருக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடி. போக்குவரத்து, தங்குவது, சாப்பாடு எல்லாம் வழக்கமாக இலவசம். கண்ணாடிக்கு மட்டும் காசு கேட்கலாம். அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரும்பாலான சங்கங்கள் கோட்டை விடுவது இதற்குப் பிறகு. சொட்டு மருந்தை நாலு முதல் ஆறு வாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டும்; வலி இல்லை என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனால்தான் மீதமிருக்கும் பவருக்குக் கண்ணாடி எழுத முடியும். பதிவில் பக்கத்து வீட்டு எண் கொடுத்திருந்தால் அழைப்பே வந்து சேராது. மறுபரிசோதனைத் தேதியையும் முதல் நோட்டீஸிலேயே அச்சடிக்கும் சங்கத்துக்கு எங்கள் மதிப்பெண் அதிகம். இடையில் வலி, சிவப்பு, பார்வை குறைதல் எது வந்தாலும் அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மற்றவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரக்கன்றுக்குக் கூண்டும் தண்ணீருக்கு ஆளும் இல்லையென்றால் ஆட்டுக்குத் தீனி. ரத்த தானம் நல்ல காரியம், ஆனால் எல்லாச் சங்கமும் ஆகஸ்ட் 15 அன்றே நடத்துவது சரியில்லை. வழக்கமான பையில் சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் தாங்கும், தட்டணு 5 நாள். ஒரே நாளில் குவிந்தால் வீணாகும். தேர்வு, கோடை விடுமுறை மாதங்களில் ரத்த வங்கி காலியாகக் கிடக்கும். தேதியை ரத்த வங்கியிடம் கேட்டு முடிவு செய்யும் சங்கத்துக்கே கையை நீட்டுங்கள்.