ரிமோட் அப்டேட் கேட்வே போர்டு வாங்கப் போறீங்களா, முதல்ல இதைப் படிங்க

கோயம்புத்தூர் பக்கம் தோட்டத்து மோட்டாருக்கு ரிமோட் கண்ட்ரோல் போட்டுக் குடுக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க. லினக்ஸ் ஓடுற கேட்வே போர்டு (மோட்டார மொபைல் நெட்வொர்க்கோட இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர்) ஒரு வெண்டர்கிட்ட வாங்குனோம், பேர் வேண்டாம். "ரெண்டு பார்ட்டிஷன் இருக்கு, அப்டேட் ஃபெயில் ஆனா பூட்லோடர் தானா பழைய வெர்ஷனுக்குப் போயிரும், சைட்டுக்கே போக வேண்டாம்"னு கொட்டேஷன்ல எழுதி அதுக்குத் தனி ரேட்டும் போட்டாங்க. (பூட்லோடர்னா போர்டு ஆன் ஆனதும் முதல்ல ஓடி லினக்ஸ எழுப்புற புரோகிராம், பார்ட்டிஷன்னா மெமரிய பிரிச்சு வைக்கிற தனித் தனிப் பகுதி.)

முதல் அப்டேட் அனுப்புன ராத்திரியே கொஞ்சம் போர்டு ரீபூட் ஆகப் போனது திரும்பி வரல. வெண்டரக் கேட்டா "உங்க சைட்ல வோல்டேஜ் ப்ராப்ளம் சார்"னு ஒரே பாட்டு, இஞ்சினியர் வரணும்னா விசிட் சார்ஜ் வேறயாம். காலைல தண்ணி பாயலன்னு தோட்டத்துக்காரங்க போன் மேல போன்.

நாங்களே பெட்டியத் திறந்து சீரியல் கேபிள் மாட்டுனா யூ-பூட் (அந்த போர்டோட பூட்லோடர்) ப்ராம்ப்ட்ல கமாண்டுக்காகக் காத்துக்கிட்டு சும்மா நிக்குது! ஜிஎஸ்எம் மோடமையும் டீபக் (debug) கன்சோலையும் ஒரே யூஆர்ட்ல (சீரியல் போர்ட்ல) கோத்து வச்சிருக்கானுங்க. யூ-பூட் ஆரம்பத்துல சில செகண்ட் ஏதாவது கீ அமுக்குறாங்களான்னு பாக்கும்ல, கரண்ட் போய் வந்தா மோடம் எந்திரிக்கவே லேட் ஆகும் அதனால தப்பிச்சிருது, ஆனா அப்டேட் ரீபூட்ல மோடம் முழிச்சே இருக்கு, அந்த நேரம் ஒரு எஸ்எம்எஸ் வந்து மோடம் ஒரு வரி துப்புனா போதும், யாரோ கீ அமுக்கிட்டாங்கன்னு ஆட்டோபூட் (லினக்ஸ தானா எழுப்புறது) நின்னுரும். உள்ள பேட்டரி பேக்கப் வேற, அதனால மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. பூட்டிலே-ய (bootdelay, கீக்காக எவ்ளோ நேரம் காத்திருக்கணும்ங்கிற செட்டிங்) மைனஸ் 2ன்னு வச்சிருந்தா கீயே பாக்காம நேரா பூட் ஆயிருக்கும். (மைனஸ் 1 போட்றாதீங்க, ஆட்டோபூட்டே ஆகாது.)

இத விடக் கொடும, ரெண்டாவது பார்ட்டிஷன்னு ஒண்ணே இல்ல. டவுன்லோட் பாதில நின்ன போர்டெல்லாம் கர்னல் பேனிக் ஆகி (லினக்ஸ் எந்திரிக்க முடியாம விழுந்து) சுத்திச் சுத்தி ரீபூட் ஆகிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு பூட்டுக்கும் பூட்கவுண்ட் (bootcount, எத்தனை தடவ பூட் ஆச்சுங்கிற எண்ணிக்கை) ஏறி, பூட்லிமிட் (bootlimit, அதோட வரம்பு) தாண்டுனா ஆல்ட்பூட்சிஎம்டி (altbootcmd, மாற்று பூட் கமாண்டு) ஓடிப் பழைய இமேஜ எடுக்கணும், நல்லபடியா எந்திரிச்சா லினக்ஸ் பக்கம் இருந்து கவுண்ட ஜீரோ ஆக்கணும், ரோல்பேக்னா இதுதான். இவங்க பில்டுல பூட்கவுண்ட எனேபிளே பண்ணல, அப்புறம் எதுக்கு தனி ரேட்டு?

சரி நாங்களே சரி பண்ணிக்கிறோம் யூ-பூட் சோர்ஸ் கோடு குடுங்கன்னா "அது எங்க ப்ரொப்ரைட்டரி சார்"ங்கிறாங்க. யூ-பூட் ஜிபிஎல் 2 (GPL, ஓப்பன் சோர்ஸ்) லைசென்ஸ்ங்க, பைனரி வித்தா கேக்குறவனுக்கு சோர்ஸ் குடுத்தே ஆகணும்.

வாங்குறவங்க டெமோவுலயே அப்டேட் பாதில ஓடும்போது பவரப் புடுங்கிப் பாருங்க, பேட்டரியையும் சேத்து. யூ-பூட் என்விரான்மென்ட (அதோட செட்டிங்ஸ் லிஸ்ட்ட) பிரிண்ட் பண்ணச் சொல்லி பூட்லிமிட், ஆல்ட்பூட்சிஎம்டி இருக்கான்னு பாருங்க. "அதெல்லாம் உள்ள இருக்கு சார்"னா எந்திரிச்சு வந்துருங்க. எங்க பேலன்ஸ் பேமென்ட நிறுத்தி வச்சிருக்கோம், சோர்ஸ் வந்தாத்தான் மிச்சப் பேச்சுன்னு மெயில் போட்டாச்சு, இன்னும் பதில் இல்ல.