கட்டுப்பாட்டு ஆணையா, ‘டிபிம்’ சட்டமா?

வழக்குத் தொடர ஆதாரம் போதவில்லை. விட்டுவிடவும் அரசுக்கு அச்சம். இத்தகைய பயங்கரவாதச் சந்தேக நபர்களுக்காக பிரிட்டன் 2005-இல் கட்டுப்பாட்டு ஆணைகளையும், 2011-இல் அவற்றுக்கு மாற்றாக ‘டிபிம்’ (TPIM) எனப்படும் பயங்கரவாதத் தடுப்பு, புலனாய்வு நடவடிக்கைகளையும் கொண்டுவந்தது. பெயர்தான் மாறியது என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல, ஒரு முக்கிய வேறுபாடு இருந்தது.

வெளிநாட்டுச் சந்தேக நபர்களை விசாரணையின்றிக் காலவரையற்றுச் சிறைவைப்பது மனித உரிமைக்கு முரண் என்று 2004 டிசம்பரில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 8-1 எனத் தீர்ப்பளித்தனர். அதையடுத்து அவசரமாக வந்ததே கட்டுப்பாட்டு ஆணை. ‘நியாயமான சந்தேகம்’ போதும். ஒருவரை நாளின் பெரும்பகுதி வீட்டுக்குள் முடக்கலாம், இணையத்தைத் துண்டிக்கலாம், குடும்பத்தை விட்டுத் தொலைவான ஊரில் குடியமர்த்தலாம். 18 மணி நேர முடக்கம் செல்லாது என்று 2007-இல் தீர்ப்பு வந்தது. அதன்பின் 16 மணி நேரமே உச்சம். ஆனால் மணிக்கணக்கைவிடக் கொடியது, ஆண்டுதோறும் முடிவின்றிப் புதுப்பிக்க முடிந்ததுதான். இவ்வளவு கடுமைக்கும் பலன் என்ன? ஆணைக்குள்ளான 52 பேரில் 7 பேர் தப்பியோடினார்கள்.

டிபிம் சட்டம் சந்தேகத்துக்குப் பதில் ‘நியாயமான நம்பிக்கை’ கேட்டது. இரவில் மட்டும் வீட்டில் தங்கச் சொன்னது. கட்டாய இடமாற்றத்தைக் கைவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டே ஆண்டு என்று எல்லை வகுத்தது. அதற்குமேல் நீட்டிக்கப் புதிய பயங்கரவாதச் செயல்பாட்டைக் காட்டியாக வேண்டும். நான் சொன்ன வேறுபாடு இந்த எல்லைதான்.

அது நிலைக்கவில்லை. 2012-இலும் 2013-இலும் ஒவ்வொருவர் தப்பிக்க, 2015-இல் இடமாற்றம் திரும்பி வந்தது. ஈடாக ஆதார அளவுகோல் உயர்ந்தது. 2021-இல் அந்த ஈட்டையும் பறித்து, இரண்டு ஆண்டை ஐந்தாக்கினார்கள். உச்சவரம்பே வேண்டாம் என்றுதான் அரசு முதலில் கேட்டது.

இரகசிய ஆதாரத்தில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். மூடிய அமர்வில் சந்தேக நபருக்காக வாதாடும் சிறப்பு வழக்கறிஞர், அந்த ஆவணங்களைப் பார்த்தபின் நீதிமன்ற அனுமதியின்றி அவரிடம் வழக்கைப் பற்றிப் பேச முடியாது. தன்னைத் தற்காத்துக்கொள்ளும் அளவுக்காவது குற்றச்சாட்டின் சாரம் சந்தேக நபருக்குத் தெரிய வேண்டும் என்ற 2009 தீர்ப்பு, நாடாளுமன்றம் தராத நியாயத்தைத் தந்தது.

மூன்றாவது வழியும் மேசையில் இருந்தது. பயங்கரவாத எதிர்ப்பு அதிகாரங்கள் பற்றிய அரசின் 2011 மறுஆய்வை மேற்பார்வையிட்ட மெக்டொனால்டு பிரபு, இத்தகைய கட்டுப்பாடுகளைக் குற்றப் புலனாய்வோடு பிணைக்கச் சொன்னார். அதுவே சரியான வழி. புலனாய்வு நடந்தால்தான் கட்டுப்பாடு என்றிருந்தால், வழக்கா விடுதலையா என்ற முடிவைக் காவல்துறை தள்ளிப்போட முடியாது. அரசு அதை முழுமையாக ஏற்கவில்லை. தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகளைக் குற்ற வழக்குகளில் பொதுவாக ஆதாரமாக்க முடியாது என்ற தடையும் தொடர்கிறது. சீர்திருத்தம் அந்தத் தடையை நீக்குவதில் தொடங்கட்டும்.