ஆமை முட்டைக்கு எது சரி: தொட்டி மண்ணா, கோழி இன்குபேட்டரா, வெர்மிகுலைட் டப்பாவா?

வீட்டில் வளரும் ரெட் இயர்ட் ஸ்லைடர் (கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள நீராமை) முட்டையிட்டால் நமக்கு மூன்று வழிகள் உண்டு. போட்ட மண்ணிலேயே விட்டுவிடலாம். கோழிக்குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டரில் வைக்கலாம். இல்லையென்றால் வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துணுக்குகள்) நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கலாம். எங்கள் ஆமை மாடித் தொட்டியைத் தோண்டி முட்டை போட்டபோது நான் எடுத்தது டப்பா வழி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இடம் மாற்றுவதாக இருந்தால் இட்ட ஒரு நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். மேல் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, கிடந்த வாக்கிலேயே எடுக்க வேண்டும். கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்டபின் முட்டையைப் புரட்டினால் இறந்துவிடும்.

கோழி இன்குபேட்டர் அடிபடுவது இங்கேதான். முட்டையைத் தானாகப் புரட்டுவதுதானே அதன் சிறப்பு! போதாக்குறைக்கு அதில் வெப்பம் 37.5 டிகிரி, ஆமைக் கருவுக்கு அது அதிகம். புரட்டும் தட்டைக் கழற்றி வெப்பத்தைக் குறைத்தாலும் உள்ளே சுற்றும் விசிறி முட்டையை உலர்த்திவிடும்.

தொட்டி மண் இயற்கையானது, செலவில்லாதது. ஆனால் சென்னையில் மே மாத மொட்டை மாடித் தொட்டி எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் எறும்பு, எலி, ஒரு நாள் பெருமழை. நிழலான தோட்டமும் நீர் தேங்காத தரையும் இருப்பவர்கள் மேலே கம்பி வலை போட்டு மண்ணிலேயே விடலாம். அப்படி நான் செய்து பார்த்ததில்லை.

என்னை டப்பா பக்கம் தள்ளியது ஈரம். ஸ்லைடரின் முட்டை ஓடு கோழி முட்டையைப் போலக் கெட்டியானதல்ல, தோல் மாதிரி லேசாக வளையும். சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் முட்டை பருக்கும். ஈரம் குறைந்தால் குழி விழும், மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். தொட்டி மண்ணில் அடியில் எவ்வளவு ஈரம் என்று கிளறாமல் தெரியாது, கிளறவும் கூடாது. டப்பாவில் இதற்குக் கணக்கு உண்டு. வெர்மிகுலைட்டும் தண்ணீரும் சம எடை. கையில் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. முட்டையைப் பாதி புதைத்து மூடி, மூடியில் சில ஊசித் துளைகள் போட்டபின் மொத்த டப்பாவையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை அசைக்காமல் தூக்கி மறுபடி நிறுங்கள். பத்து கிராம் குறைந்திருந்தால் பத்து கிராம் தண்ணீரை முட்டைமேல் படாமல் ஓரமாக ஊற்றினால் போதும். பராமரிப்பு என்றால் இவ்வளவுதான், கூடவே மூடியைத் திறக்கும்போது காற்றும் மாறிவிடும். வெர்மிகுலைட் மாடித்தோட்டப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். தேங்காய் நார்த்தூளிலும் வைக்கிறார்கள். அதில் எனக்கு அனுபவமில்லை.

வெளிநாட்டு வீடியோக்களில் முதலில் காட்டுவது சூடேற்றும் பாய். நம் ஊர் வெயிலில் பிரச்சினையே தலைகீழ். 26 முதல் 31 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்விசிறி மட்டும் ஓடும் அறை கோடையில் அதைத் தாண்டும். டப்பாவைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, வீட்டிலேயே குளுமையான அறையின் தரையில், தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே செங்கல் மேல் வைத்தால் வெப்பம் ஏறி இறங்குவதும் குறையும், எறும்பும் வராது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் வெப்பமே முடிவு செய்கிறது: 26, 27 டிகிரியில் பெரும்பாலும் ஆண், 31 டிகிரியில் பெரும்பாலும் பெண்.

சில நாளில் முட்டையின் மேல் பக்கம் சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டு விழுந்து பரவினால் கரு வளர்கிறது. ஆண் துணையே இல்லாத ஆமையும் முட்டையிடும், அது பொரிக்காது. ஆனால் முன்பு எப்போதோ ஆணோடு இணைந்தபோது பெற்ற விந்தணுவைப் பெண் ஆமை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருக்கக்கூடும் என்பதால் உடனே தூக்கிப் போட வேண்டாம்.

குஞ்சுகள் வேண்டாம் என்றால் இட்ட அன்றே முட்டைகளை ஃப்ரீசரில் வைத்துவிடலாம். தட்டளவு வளர்ந்து 20, 30 ஆண்டுகள் வாழக்கூடியவை இவை. ஏரியில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் இரையிலும் இடத்திலும் பங்குக்கு வரும்.

பொரிய இரண்டு மாதத்துக்கு முன்பின் ஆகும். ஓட்டைக் கீறியபின் குஞ்சு ஓரிரு நாள் உள்ளேயே கிடக்கும். டப்பாவில் அது கண்ணுக்குத் தெரிவதால் தொடாமல் காத்திருக்க முடிகிறது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பை உள்ளே இழுபட்டபின் தண்ணீரில் விடலாம், அதுவும் ஓடு மூழ்கும் அளவு மட்டும்.