சிறையில் இருப்பவருக்குக் கடிதம் சேர்க்கிறேன் என்று வருபவர்களிடம் உஷாராக இருங்கள்

என் தம்பி விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கிறான். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அதைப் பற்றி இங்கே எதுவும் எழுதப் போவதில்லை. அவனோடு தொடர்பு விட்டுப்போய்விடக் கூடாது என்று தவித்த எங்கள் குடும்பத்தை ஓர் இடைத்தரகர் எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் எழுதுகிறேன். வீட்டில் ஒருவர் திடீரென்று கைதாகி, யாரிடம் என்ன கேட்பது என்றே புரியாமல் நிற்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

அந்த ஆளை அம்மா முதலில் பார்த்தது சிறை வாசலில், மனு போடும் வரிசையில். கையில் ஃபைல், சட்டைப்பையில் பேனா, காவலர்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு. வக்கீல் ஆபீஸ் ஆள் என்றுதான் யாருக்கும் தோன்றும். படிவத்தில் கைதி எண்ணை எங்கே எழுதுவது என்று தெரியாமல் அம்மா திகைத்து நின்றபோது, அவரே வந்து நிரப்பிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "எங்க அம்மா மாதிரி இருக்கீங்க, உங்ககிட்ட வாங்குவேனா?" என்றாராம். அம்மாவின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் தம்பியைத் தொலைவில் இருக்கும் வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். நினைத்தபோது போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரம் இல்லை. சரியாக அந்த நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. "தபால்ல போட்டா, ஜெயில்ல பிரிச்சுப் படிக்கிற சென்சார்லயே வாரக்கணக்கா கிடக்கும்மா. என்கிட்ட குடுங்க, அங்கயும் நம்ம ஆள் இருக்கான். நாளைக்கே தம்பி கையில இருக்கும்." ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தொகை கேட்டார். அப்புறம், தம்பியின் கேன்டீன் கணக்கில் போட வேண்டும் என்று மாதாமாதம் கொஞ்சம் பணம். அப்புறம், அவன் வீட்டுக்குப் போன் பேச வேண்டுமானால் எங்கள் எண்ணை உள்ளே பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லி, அம்மாவின் அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது வரும், வாட்ஸ்அப்பில் போட்டோவாக. வட்ட முத்திரை, பச்சை மையில் ஒரு கையெழுத்து, தேதி, எல்லாம் இருக்கும். பிறகு அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. தம்பிக்கு ஆவணங்களில் இருக்கும் பெயர் வேறு, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. சிறைப் பதிவேட்டில் முன்னெழுத்தோடு ஆவணப் பெயர்தான் இருக்கிறது. ரசீதுகளில் இருந்ததோ அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டுப் பெயர். எந்தச் சிறை அலுவலகத்துக்கும் அந்தப் பெயர் தெரிய வழியே இல்லை.

அவர் செய்ததில் என்னால் மன்னிக்கவே முடியாதது வேறு. அம்மா கடிதம் கொடுத்த இரண்டு மூன்று நாளில் போன் செய்து தம்பி சொன்னதாகப் பதில் சொல்வார். "நல்லா இருக்காப்ல. படிச்சிட்டு அழுதுட்டாப்ல. அம்மாவ வேளாவேளைக்கு மாத்திரை போடச் சொல்லுங்கன்னு சொன்னாப்ல." அம்மா அதை எங்கள் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வார்த்தைகளை வைத்துத்தான் அவருடைய நாட்கள் ஓடின.

பிறகு ஒரு நாள் இரவு வேறொரு குரல் பேசியது. சிறை மருத்துவமனையிலிருந்து பேசுகிறாராம். தம்பிக்கு மூச்சுத்திணறல், வெளியே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும், ஆம்புலன்ஸுக்கும் முன்பணத்துக்கும் உடனே அனுப்புங்கள் என்றார். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. பேசியவருக்கு அவன் பயன்படுத்தும் இன்ஹேலரின் நிறம் வரைக்கும் தெரிந்திருந்தது. அதைக் கேட்ட பிறகு எந்தத் தாய் சந்தேகப்படுவாள்? பணம் போனது. விடிந்ததும் நான் சிறைத்துறையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்த எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை, அவனுடைய பிளாக்கில்தான் இருக்கிறான் என்றார்கள்.

இன்ஹேலர் விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது, நாங்கள் மனு போட்டு அவனைப் பார்த்த அன்றுதான் புரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் அம்மா, நடுவில் ரிசீவர். "நீல இன்ஹேலர் குடுக்கிறாங்களான்னு எழுதிக் கேட்டேனே, ஏன்டா அதுக்குப் பதில் சொல்லல?" என்றார் அம்மா. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஒரு லெட்டரும் வரலையேம்மா. நான் எழுதினதுக்கும் பதில் இல்ல. என்ன வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சிட்டேன்" என்றான்.

அவன் போட்ட கடிதங்கள் பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருக்கின்றன. நாங்கள் வீடு மாறிய செய்தி, அவன் கைக்குப் போய்ச் சேராத எங்கள் கடிதங்களில்தான் இருந்தது. எண்ணும் பதிவாகாததால் போனும் வர வழியில்லை. எங்கள் கடிதங்களை அந்த ஆள் பிரித்துப் படித்திருக்கிறார், அதிலிருந்தே எங்களை மிரட்டுவதற்கான விவரத்தை எடுத்திருக்கிறார். பணத்தைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டார் கைவிட்டுவிட்டார்கள் என்ற நினைப்போடு அவன் உள்ளே கழித்த மாதங்களை யார் திருப்பித் தருவது? இதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மாதிரி ஆட்கள் விற்பது இரண்டே வகைதான். ஒன்று, உங்களுக்கு உரிமையாகவே கிடைக்க வேண்டியது. கடிதம், சந்திப்பு, போன், உடல்நிலை பற்றிய தகவல் எல்லாம் இதில் அடங்கும். இன்னொன்று, யாருக்குமே கிடைக்கக் கூடாதது. எங்களிடமும் "தம்பிக்கு உள்ளேயே ஒரு செல்போன் குடுத்துடலாமா?" என்று கேட்டார். நாங்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டோம். அப்படி ஒன்று பிடிபட்டால் தண்டனை அனுபவிக்கப்போவது உள்ளே இருப்பவர்தான். புது வழக்கு வரும், சலுகைகள் போகும், ஜாமீன் மனுவிலும் அது எதிராக நிற்கும். உள்ளே போனோ பொருளோ பணமோ அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிடமே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள்.

உரிமை என்று நான் சும்மா சொல்லவில்லை. கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகள் என்று ஐ.நா. வகுத்தவை இருக்கின்றன. 1955-ல் முதலில் உருவாகி, 2015 டிசம்பரில் பொதுச்சபையால் திருத்தி ஏற்கப்பட்டவை. அவற்றுக்கு நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயர். மண்டேலா 27 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் தொடக்க காலத்தில் அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதமும் ஒரு சந்திப்பும்தான் அனுமதி. அவர் பெயரிலுள்ள விதிகளில் 58-வது விதி, கைதி தன் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கடிதம் வழியாகவும் நேரிலும் முறையான இடைவெளியில் தொடர்புகொள்ள இடம் தர வேண்டும் என்கிறது. ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் குடும்பத் தொடர்பையே தடைசெய்யக் கூடாது என்கிறது 43-வது விதி. பாதுகாப்புக்குக் கண்டிப்பாகத் தேவைப்பட்டால் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். இவை ஒரு நாட்டின் சட்டம் போல நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் அதிகாரியிடம் மனு எழுதும்போது விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் அந்த மனுவுக்கு ஒரு கனம் வரும்.

அந்த ராத்திரி போனுக்கு முன்பே நாங்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விதிகள் இன்னும் இரண்டு. கைதிகளின் மருத்துவம் அரசின் பொறுப்பு, அது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது 24-வது விதி. வேறு சிறைக்கு மாற்றினாலோ கடுமையாக நோயுற்றாலோ காயப்பட்டாலோ உடனே குடும்பத்துக்குத் தெரிவிக்கக் கைதிக்கு உரிமையும் வசதியும் வேண்டும் என்கிறது 68-வது விதி. ஆகவே ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், ஆபரேஷன் என்று சொல்லி முன்பின் தெரியாதவரின் கணக்குக்குப் பணம் கேட்டால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பதறினாலும் போனை வைத்துவிட்டு, சிறை அலுவலக எண்ணை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள். அவர்கள் தரும் எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடாதீர்கள், அங்கேயும் அவர்கள் ஆள்தான் எடுப்பார். கைதியின் முழுப்பெயரும் வழக்கு எண்ணும் சொல்கிறார்களே என்று நம்பிவிடாதீர்கள். நீதிமன்றப் பட்டியல்களிலேயே அந்த விவரம் பல இடங்களில் பொதுவில் கிடக்கிறது.

கடித விஷயத்தில் இப்போது நாங்கள் செய்வது இதுதான். ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புகிறோம். உறையில் ஆவணப்படி பெயரும் கைதி எண்ணும் இருக்கும். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் வரிசை எண் போடுகிறோம், அவனும் போடுகிறான். நடுவில் ஒரு எண் விட்டுப்போனால் கடிதம் தொலைந்தது இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். எங்கள் முகவரியை ஒவ்வொரு கடிதத்திலும் திரும்ப எழுதுகிறோம். உறைக்குள் பணம், பின், ஒட்டுப்படம் எதுவும் வைப்பதில்லை. கடிதத்தைச் சிறையில் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் வழக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. அதெல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். வக்கீலோடு பேசுவதைக் காவலர்கள் பார்க்கலாம், காதில் விழும் தூரத்தில் இருக்கக் கூடாது என்று 61-வது விதியே இருக்கிறது. வீட்டார் பேசும் போனுக்கும் கண்ணாடிக்கு நடுவே பேசுவதற்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

போன் எண் பதிவு செய்வதைப் பல சிறைகளில் உள்ளே இருப்பவர்தான் தொடங்க வேண்டும். அவர் எண்களை எழுதிக் கொடுப்பார், சிறை சரிபார்க்கும். நடுவில் ஒரு ஆளுக்கு வேலையே இல்லை. பணம் செலுத்துவதானாலும் சிறை அலுவலகம் சொல்லும் வழியில் மட்டும் செலுத்தி, அடுத்த சந்திப்பில் கணக்கில் ஏறியதா என்று அவரிடமே கேளுங்கள். சந்திப்புக்குப் பதிவு செய்து தருகிறோம் என்று அரசு இணையதளம் போலவே தோற்றம் காட்டிக் கட்டணம் கேட்கும் தளங்களும் உண்டு. முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

வேறு நாட்டுச் சிறையில் உங்கள் ஆள் இருந்தால் தரகர்களின் பிடி இன்னும் இறுகும், மொழியும் தெரியாது. தூதரக உறவுகள் பற்றிய 1963-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவுப்படி, கைதானவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்கலாம். முதலில் அங்கே எழுதுங்கள். போர் நடக்கும் இடமென்றால் செஞ்சிலுவைச் சங்கம் குடும்பச் செய்திகளை உறை ஒட்டாத திறந்த கடிதமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதற்குக் காசு வாங்குவதில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சிறை அலுவலகத்துக்கும் எழுதினோம். வாசலுக்கு வெளியே நடப்பதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. தங்கள் வாசல் வரிசையிலேயே ஆள் பிடிக்கிறார் என்று தெரிந்த பிறகும் ஒரு அறிவிப்புப் பலகைகூட வைக்க மாட்டேன் என்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. மேலதிகாரிக்கு மறுபடி எழுதியிருக்கிறேன்.

புகாரில் எங்களுக்குக் கைகொடுத்தவை அந்த ரசீது போட்டோக்களும், பணம் போன கணக்கின் வங்கிப் பதிவும், அழைப்பு வந்த தேதி நேரங்களும்தான். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் அவமானம் என்று நினைத்து அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். அடையாள அட்டை நகல் கொடுத்திருந்தால் வங்கிக்கும் போன் நிறுவனத்துக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள். நாங்கள் தெரிவிப்பதற்குள் அம்மா பெயரில் ஒரு சிம் வாங்கப்பட்டிருந்தது.