பழைய ஸ்போர்ட்ஸ் காரில் உடைந்த கதவுக் கைப்பிடி: நானே சரிசெய்து, வருடக்கணக்கில் ஓட்டிய அனுபவம்

இரண்டு கதவு காரில் ஓட்டுநர் பக்கக் கைப்பிடி உடைவது சின்ன விஷயமில்லை. நான்கு கதவு கார் என்றால் பின்கதவைத் திறந்து, கையை நீட்டி முன்கதவைத் திறந்துகொள்ளலாம். கூபேயில், அதாவது இரண்டு கதவு காரில், அந்த வசதி கிடையாது. அடுத்த பக்கம் போய், தாழ்வான இருக்கையில் இறங்கி, நடுவில் உயர்ந்து நிற்கும் கியர் பகுதியைத் தாண்டி இந்தப் பக்கம் வரவேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. விபத்து ஏதாவது நடந்தால், உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வெளியிலிருந்து அந்தக் கதவைத் திறக்க முடியாது. அதனால் இதைத் தள்ளிப்போடும் வேலையாக நான் நினைக்கவில்லை.

என் கார் இருபது வயது தாண்டியது. வெளிக் கைப்பிடியின் உள்பக்கம், கதவுக்குள் நீண்டிருக்கும் உலோகக் கை ஒடிந்தது. முதலில் புதிய பாகம் ஒன்றை வாங்கிப் போட்டேன், பிறகு ஒடிந்த பழையதையே பலப்படுத்திப் போட்டேன். இரண்டையும் நன்றாகப் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியானது இதுதான்: கைப்பிடி சும்மா உடைவதில்லை. அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று இறுகிப்போயிருக்கும். அதை விட்டுவிட்டுக் கைப்பிடியை மட்டும் மாற்றினால், புதியதும் அதே இடத்தில்தான் ஒடியும்.

உடைவதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. கதவைத் திறக்க முன்பைவிட அதிகம் இழுக்க வேண்டியிருந்தது. விட்டதும் கைப்பிடி பட்டென்று உள்ளே போகாமல் மெதுவாகத் திரும்பியது. வெயிலில் நின்ற நாட்களில் பரவாயில்லை, மழைக்குப் பிறகும் குளிரிலும் இன்னும் மோசம். கடைசியில் ஒரு நாள் மெல்லிய 'டிக்' சத்தம், அப்புறம் கைப்பிடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஆடியது.

சரி, பிரிக்கும் வேலைக்கு வருவோம். முதலில் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டுத்தான் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். கதவிலோ இருக்கையிலோ பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார் என்றால் கழற்றிய பிறகு சில நிமிடங்கள் காத்திருப்பது அவசியம். இங்கே ஒரு நுணுக்கம். என் காரில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கைப்பிடியைத் தொட்டு இழுத்ததும் உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் அழுந்தி, கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். கதவு மூடியதும் மேலேறி மேல் ரப்பருக்குள் போய் உட்காரும். பேட்டரி இல்லாதபோது இது நடக்காது. அந்த நிலையில் கதவை அடித்துச் சாத்தினால் கண்ணாடி ரப்பரிலும் கூரை ஓரத்திலும் போய் இடிக்கும். அதனால் வேலை முடியும்வரை கதவு திறந்தே இருக்கட்டும்.

டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க உறையை, பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் பாதி வெளியே தெரியாது. கதவை இழுத்துச் சாத்தும் பிடிக்குள் ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குள் ஒன்று. உள்பக்கக் கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று. இவற்றைக் கழற்றிய பிறகு ஓரம் முழுக்க பிளாஸ்டிக் கிளிப்புகள். வயதான கார்களில் இவற்றில் சில எப்படியும் ஒடியும், அதற்குத் தயாராகக் கொஞ்சம் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போய்விடும். பிளாஸ்டிக் நெம்புகோலை கிளிப்புக்குப் பக்கத்திலேயே கொடுத்து இழுக்க வேண்டும். பேடு வெளியே வந்ததும் அப்படியே இழுத்துவிடக் கூடாது, பின்னால் ஒயர்களும் உள்பக்கக் கைப்பிடியின் கேபிளும் தொங்கும்.

பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை நிறையப் பேர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் கதவுக்குள்ளேயே வடிந்து போவதற்குத்தான் அது இருக்கிறது. கிழித்துவிட்டால் அடுத்த மழையில் தரைவிரிப்பு நனையும். கருப்புப் பசையை ஹேர் டிரையரால் லேசாகச் சூடுபடுத்தி, மெல்ல உரித்தால் முழுசாக வரும், அதே பசையிலேயே திரும்ப ஒட்டவும் செய்யும். உள்ளே கை விடும்போது கையுறை கட்டாயம். கதவின் உள்தகட்டு ஓரங்கள் கத்தி மாதிரி வெட்டும்.

ஒடிந்த துண்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் கதை முழுக்கப் புரிந்தது. முறிந்த முகத்தில் இரண்டு நிறம். ஒரு ஓரத்தில் பாதிக்கு மேல் மங்கிய கருஞ்சாம்பல், மீதி சர்க்கரைக் கல்லாகப் பளபளப்பு. மங்கிய பகுதி எப்போதோ விரிசல் விட்டு, காற்றும் ஈரமும் பட்டுக் கறுத்தது. பளபளப்பான பகுதிதான் அன்றைக்கு ஒடிந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த விரிசல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

பழைய கார்களின் கைப்பிடிச் சட்டம் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. ஜமக் என்பது அதன் பெயர். துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்தது. மெல்லிய, சிக்கலான வடிவங்களை ஒரே வார்ப்பில் எடுக்கலாம் என்பதால் பூட்டு, கைப்பிடி, கார்புரேட்டர் எல்லாவற்றிலும் இது புகுந்தது. ஆனால் சுமார் 385 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். அதனால் இதை வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். சூடு கொஞ்சம் கூடினாலும் பாகமே வழிந்துவிடும், அப்படியே ஒட்டினாலும் உள்ளே காற்றுக்குமிழிகள் நிற்கும். சூப்பர் க்ளூ, எபாக்சிப் பசை மட்டும் என்ற வழியும் நிற்காது. ஒட்டும் பரப்பு விரல் நகத்தளவுகூட இல்லை, அதன்மேல் விழுவதோ நெம்பும் விசை.

முதலில் நான் போட்டது சந்தையில் கிடைத்த புதிய மாற்றுப் பாகம். பிளாஸ்டிக் சட்டம், மேலே குரோம் பூச்சு. பொருத்துவது சுலபமாக இருந்தது, வேலையும் செய்தது. ஆனால் அச்சு ஆணி நுழையும் துளை நாளடைவில் தேய்ந்து, கைப்பிடி மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. குரோமும் ஓரத்தில் மங்கியது. ஒடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தினமும் ஓட்டும் காருக்கு, உடனே சரியாக வேண்டும் என்றால் இது மோசமான தேர்வு இல்லை. எனக்கு அந்தத் தொடு உணர்வு பிடிக்கவில்லை. பழைய கைப்பிடியின் கனமும் குளிர்ச்சியும் இந்தக் காரின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன். உடைத்துப் பிரித்த கார்களிலிருந்து அசல் பாகம் வாங்கலாம்தான், ஆனால் அதுவும் அதே வயதுடையது. உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்காமல் தெரியாது.

அதனால் எடுத்து வைத்திருந்த பழையதையே பலப்படுத்தினேன். இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை வெட்டி, ஒடிந்த கையின் வளைவுக்கு ஏற்றபடி மடக்கினேன். இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து, முறிவின் இருபுறமும் துளையிட்டு, தலை உள்ளே பதியும் நான்கு மில்லிமீட்டர் ஸ்க்ரூக்களால் தகட்டோடு இறுக்கினேன். இடையில் எபாக்சி நிரப்பினேன். இந்த எபாக்சி ஒட்டுவதற்காக மட்டும் இல்லை. துத்தநாகமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம்தான் அரிக்கப்படும், நடுவில் எபாக்சிப் படலம் இருந்தால் அந்தத் தொடர்பு அறும். பாரத்தைத் தாங்குவது தகடும் ஸ்க்ரூவும்தான். ஸ்க்ரூ தலை பதிந்து இருக்கவேண்டியதற்கும் காரணம் உண்டு. கதவுக்குள் இடம் மிகக் குறைவு, கண்ணாடி கீழே இறங்கும்போது கைப்பிடிக்கு மிக நெருக்கமாகவே போகும். மாட்டியதும் கண்ணாடியை அதைத் தூக்கும் அமைப்பிலிருந்து விடுவித்து, கையால் தாங்கிக்கொண்டு மெதுவாக இறக்கி, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகுதான் மற்றதை மூடினேன்.

இப்போது இந்த வேலையின் உண்மையான பகுதி. கைப்பிடியிலிருந்து ஒரு ராடு, அதாவது மெல்லிய கம்பி, கதவைப் பூட்டிப் பிடிக்கும் லாட்சுக்குப் போகிறது. லாட்சின் உள்ளே இருக்கும் கவை, கதவு மூடும்போது தூணில் உள்ள ஸ்ட்ரைக்கரை, அதாவது உலோக வளையத்தை, நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்விப் பிடிக்கும். இந்தக் கவை இரண்டு கட்டமாகப் பூட்டும்: முதல் 'கிளிக்' பாதிப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவர் தண்டால் கவையை அழுத்தி முழுப் பூட்டுக்குக் கொண்டுபோய், கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். அப்போதும் கனமாக இருந்தால் கோளாறு லாட்சில். திறந்திருக்கும்போது லேசாகவும் மூடியிருக்கும்போது கனமாகவும் இருந்தால் கோளாறு கதவின் உட்காரும் விதத்தில், அதாவது கீலிலோ ஸ்ட்ரைக்கரிலோ கதவோரத்து ரப்பர் பீடிங்கிலோ. சோதித்து முடித்ததும் கைப்பிடியை இழுத்துக் கவையை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். பூட்டிய கவையோடு சாத்தினால் லாட்சும் ஸ்ட்ரைக்கரும் மோதிக்கொள்ளும்.

என் காரில் இரண்டு கோளாறும் இருந்தன. லாட்சில் இருந்த கிரீஸ் காய்ந்து, தூசியோடு சேர்ந்து பிசினாகியிருந்தது. அதைக் கரைப்பான் விட்டுக் கழுவி, காயவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்தேன். சும்மா மேலே ஸ்பிரே அடித்தால் பழைய பிசின் இன்னும் உள்ளேதான் போகும், கழுவாமல் கிரீஸ் வைப்பதில் பயனில்லை. அடுத்து கதவு. கூபேயின் கதவு நீளம், அதனால் எடையும் அதிகம், அந்த எடை முழுவதும் முன்பக்கம் இரண்டு கீல்களில் தொங்குகிறது. வருடங்கள் போகப் போகக் கதவின் பின்முனை இறங்கும். இறங்கியதும் ஸ்ட்ரைக்கர் கவையின் நடுவில் நுழையாமல் ஓரத்தில் உரசும், அந்த உராய்வை ஒவ்வொரு முறையும் கைப்பிடிதான் வெல்ல வேண்டியிருக்கும். கதவைத் திறந்து பின்முனையைக் கையால் தூக்கிப் பார்த்தால் கீலின் ஆட்டம் தெரிந்துவிடும். என் காரில் ஆட்டம் அதிகமில்லை, ஸ்ட்ரைக்கரை நகர்த்தியே சரிசெய்ய முடிந்தது. அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டு, போல்ட்டை லேசாகத் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி, இறுக்கி, கண்ணாடி கீழே இறங்கியிருக்கும்போதே சாத்திப் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. சரியான இடம் கிடைத்தபோது கதவு மூடும் சத்தமே மாறியது.

ராடின் முனையில் திருகு இருந்தால் அதன் நீளத்தைச் சரிசெய்யலாம். கைப்பிடி இழுக்கத் தொடங்கும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெற்று நகர்வு இருக்கவேண்டும். நகர்வே இல்லையென்றால் லாட்ச் எப்போதும் லேசாக இழுபட்ட நிலையிலேயே நின்று, முழுப் பூட்டில் உட்காராமல் போகலாம். அதிகம் இருந்தால் லாட்ச் விடுபடுவதற்கு முன்பே கைப்பிடி தன் எல்லையைத் தொட்டுவிடும், மறுபடியும் அந்தக் கையின் மேல்தான் பாரம் விழும். ராடைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைப் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

பேட்டரியை மாட்டிய பிறகு கண்ணாடி அந்தச் சில மில்லிமீட்டர் இறங்கும் வழக்கத்தை மறந்திருக்கும். என் காரில் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, மேலே போன பிறகும் ஸ்விட்சைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தால் திரும்ப வந்துவிடுகிறது.

இத்தனை வருடப் பயன்பாட்டில், கைப்பிடி இன்றும் இரண்டு விரலால் திறக்கிறது. மழைக்காலத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. இடையில் ஒருமுறை பேடைக் கழற்றிப் பார்த்தேன், தகடு நகரவில்லை, ஸ்க்ரூவைச் சுற்றி அரிப்பைக் காட்டும் வெள்ளைப் பொடி எதுவும் பூக்கவில்லை. பராமரிப்பு பெரிதாக எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை லாட்சைத் துடைத்துப் புது கிரீஸ், ரப்பர் பீடிங்குக்கு சிலிகான், சாவித் துளைக்கு உலர்ந்த கிராஃபைட் தூள். ரப்பரில் சாதாரண ஆயில் வேண்டவே வேண்டாம், ஊதிப்போகும். ஊதிய ரப்பர் கதவை வெளியே தள்ளும், மறுபடியும் கைப்பிடிக்குத்தான் வேலை. கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளையும் அப்போதே ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிடுகிறேன்.

குறை என்று பார்த்தால், கைப்பிடியை முழுக்கத் தூக்கும்போது தகட்டின் ஓரம் விரல் நுனியில் படுகிறது. அதை இன்னும் கொஞ்சம் உருட்டி அரமிட்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

ஓட்டுநர் பக்கத்தை முடித்த கையோடு அடுத்த கதவிலும் லாட்சைக் கழுவி, ஸ்ட்ரைக்கரைச் சரிபார்த்து வைத்தேன். அங்கே இருப்பது கார் தயாரானபோது வந்த அதே கைப்பிடி. முன்பு அதுவும் இறுகத் தொடங்கியிருந்தது. இப்போது லேசாகத் திறக்கிறது, அதற்குத் தகடு போடும் தேவை இதுவரை வரவில்லை.